கிழவிக் காட்டேரியின் பல்செட்

பல்செட்டு என்ற பெயரை நான் முதன்முதலில் கேட்டது என் மாமியார் வீட்டுச் சமையலறையில். வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். என் மாமியாருக்கு ஒன்றுவிட்ட அக்கா ஒருத்தி, அவளுடைய மூத்த மகன் மின்சார வேலை பார்ப்பவன், அவன்தான் அந்தச் சம்பந்தத்தைக் கொண்டுவந்தான். என் நாத்தனாருக்கு அப்போது இருபத்திரண்டு வயது. எனக்குக் கல்யாணமாகி ஒன்றரை வருஷம்.

"பையனை எல்லாரும் பல்செட்டுன்னுதான் கூப்பிடுவாங்க. பல்லு வேலை" என்றான்.

டாக்டரா என்று மாமியார் கேட்டாள். டாக்டர் பிடுங்குவார், இவன் கட்டுவான் என்றான் அவன். அவ்வளவுதான், என் மாமனார் வாயெல்லாம் பல்லாகிவிட்டார். வாயில் இருந்ததே ஆறோ ஏழோதான். கல்யாணம் முடிந்த மறுநாளே தனக்கு ஒரு செட்டு வேண்டும் என்று அங்கேயே கேட்டு வைத்தார். பக்கத்து அறையில் நாத்தனார் சிரித்த சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தேன், கையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். அவளுக்கு இடது பக்க முன்பல் ஒன்று பக்கத்துப் பல்மேல் ஏறி நிற்கும். அதனால் சிரிக்கும்போதெல்லாம் கை மேலே போய்விடும். பிறந்ததிலிருந்து அப்படித்தான் என்று மாமியார் சொல்லுவாள். பல் முளைப்பதற்கு முன்னாலேயா என்று என் வீட்டுக்காரர் கேட்டு வாங்கிக் கட்டிக்கொள்வார்.

பையன் வீட்டுக்கு வந்தார். ஒல்லியாக, முழங்கை வரை வெள்ளைப் பொடி படிந்தமாதிரி ஒரு தோல். கை கழுவிவிட்டுத்தான் வந்திருப்பார், ஆனாலும் அது போகாது. பிளாஸ்டர் பொடி. வந்தவர் பெண்ணின் முகத்தைப் பார்க்கவில்லை, வாயைப் பார்த்தார். கிளம்பும்போது என்னிடம் வந்து மெதுவாக, "அக்கா, பல்லை மறைக்க வேண்டாம்னு சொல்லுங்க" என்றார். அன்றைக்கு அவர் பேசியது அவ்வளவுதான். நான் போய்ச் சொன்னேன். அவள், "அவருக்கென்ன, கடைச்சரக்கு பாக்கிற பழக்கம்" என்றாள். ஆனால் சரி என்றும் சொல்லிவிட்டாள்.

அவருடைய வேலை அறை வீட்டு மாடியில் இருந்தது. நீள மேசை, ஸ்பிரிட் விளக்கு, மெழுகு, சின்னச் சின்னக் கத்திகள், கொதிக்க வைக்கும் ஒரு பாத்திரம். சுவர் முழுக்கப் பலகை அடித்து, அதில் வாய்கள். டாக்டர்கள் ஆளின் வாயில் அச்சு எடுத்து அனுப்புவார்கள். இவர் அதில் பிளாஸ்டர் ஊற்றி வாயைச் செய்துகொள்வார். அதன்மேல் மெழுகு வைத்து, பல்லை ஒவ்வொன்றாக நட்டு, அப்புறம் செட்டாக்குவார். எல்லாரும் அந்தப் பிளாஸ்டருக்கு அடியில் பெயர் எழுதி வைப்பார்களாம். இவர் எழுதமாட்டார். முந்நூறு வாய் இருந்தாலும் எடுத்துப் பார்த்து, இது தபால்காரர், இது தையல்கடை அம்மா என்று சொல்லுவார். ஆளை வீதியில் பார்த்தால் தெரியாது. ஒருமுறை என் சொந்த அண்ணனையே யாரோ என்று தாண்டிப் போனார். அப்புறம் அவன் கொட்டாவி விட்டதும் திரும்பி வந்து, வாங்கண்ணே என்றார். அவர் வாயில் மட்டும் முப்பத்திரண்டும் சொந்தப் பல்.

நாத்தனாருக்கு நாற்பத்தாறாவது வயதில் ஈறு நோய் வந்தது. ஒரு வருஷத்துக்குள் எல்லாப் பல்லும் போயிற்று. மற்றவர்களுக்குப் பத்து நாளில் செய்பவர், அவளுக்கு மூன்று மாதம் எடுத்துக்கொண்டார். செட்டைப் போட்டுக்கொண்டு கண்ணாடி பார்த்தவள் கத்தினாள். இடது முன்பல் பழையபடி பக்கத்துப் பல்மேல் ஏறி நின்றது.

"இத்தனை வருஷம் கையால மறைச்சேன். விட்டுதடா சனியன்னு இருந்தா, திரும்பக் கொண்டுவந்து கட்டி வெச்சிருக்கீங்களே" என்றாள்.

அது இல்லாவிட்டால் யாரோ மாதிரி இருக்கிறது என்றார். அவள் இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் எதற்கோ சிரித்தாள், கை தானாக வாய்க்குப் போயிற்று. அதோடு சண்டை முடிந்தது.

பத்து வருஷம் அந்தச் செட்டோடு இருந்தாள். அப்புறம் ஒரு நாள் காலையில் நெஞ்சு வலிக்கிறது என்றாள். மத்தியானம் ஆஸ்பத்திரியில் போய்விட்டாள்.

அவர்களுக்கு ஒரே மகள். மருந்துக்கடையில் வேலை, இரண்டு பஸ் மாறிப் போகிற தூரத்தில் குடித்தனம். அவள் வந்து சேர்ந்தபோது சாயங்காலம் ஆகிவிட்டது. கிடத்தி வைத்திருந்த அம்மாவைக் குனிந்து பார்த்தாள். உதடு உள்ளே மடிந்து, கன்னம் ஒட்டி, அவள் அம்மா எண்பது வயதுக்காரி மாதிரி கிடந்தாள். வாயில் பல் இல்லை. மகள் நிமிர்ந்து அப்பாவைப் பார்த்தாள்.

"ஊர்ல இருக்கிற வாய்க்கெல்லாம் பல்லு கட்டினீங்க. எங்கம்மாவுக்கு வெச்சு அனுப்ப மறந்துட்டீங்களா?"

அவர் சுவரோரம் உட்கார்ந்திருந்தார், சட்டைப் பையில் கையை வைத்துக்கொண்டு. சுற்றி இருந்தவர்கள் எல்லாரும் தலையைக் குனிந்துகொண்டோம். அன்றைக்குப் போனவள்தான். நாலு வருஷம் அப்பாவோடு ஒரு வார்த்தை பேசவில்லை. என்னோடு பேசுவாள், மாமா எப்படி இருக்கார் என்று என் வீட்டுக்காரரைக் கேட்பாள். அப்பாவைப் பற்றிக் கேட்கமாட்டாள். அவரும் அவளைக் கேட்கமாட்டார். நான் வாரத்துக்கு மூன்று நாள் சாப்பாடு கொண்டுபோவேன். மகள் போன் பண்ணினாள் என்று சொன்னால் கையில் இருக்கிற வேலையை நிறுத்துவார். நான் மேலே ஒன்றும் சொல்லவில்லை என்றால் திரும்பத் தொடருவார். அதை வைத்துத்தான் அவர் காத்திருக்கிறார் என்று எனக்குத் தெரியும்.

அந்த நாலாவது வருஷத்தில்தான் சினிமாக்காரர்கள் வந்தார்கள். மேக்கப் பொறுப்பில் இருந்த ஒரு பெண், ஐம்பது வயது இருக்கும், மாடி ஏறி வந்து மூச்சு வாங்கிக்கொண்டே கதையைச் சொன்னாள். நான் சாப்பாட்டை வைத்துவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்து கேட்டேன். ஒரு ரவுடிக் கும்பல், கடை கடையாய் மிரட்டி மாமூல் வாங்குகிறவர்கள். அவர்கள் தலைவனை ஒரு ரத்தக் காட்டேரி கடித்துவிடுகிறது. அவன் தன் ஆட்களை எல்லாம் கடித்துவிடுகிறான். அதற்கப்புறம் மாமூலைப் பணமாக வாங்குவதில்லை.

பின்னே எப்படி வாங்குவார்கள் என்று கேட்டேன்.

"ரத்தமாத்தாம்மா. வாராவாரம் கடைக்கு ஒரு பாட்டில்."

இதில் தலைவனுக்கு ஒரு அம்மா. அவளையும் பாசத்தில் கடித்துவிடுகிறான். அவளோ பொக்கை வாய். காட்டேரியான பிறகு யாரையும் கடிக்க முடியவில்லை, உறிஞ்சுகுழல் வைத்துத்தான் குடிக்கிறாள். கும்பலுக்கு மானம் போகிறது. அதனால் ஊரில் பல்செட் கட்டுகிற ஒருவரைக் கடத்திக்கொண்டு வருகிறார்கள்.

நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. அந்த அம்மாவாக நடிப்பவருக்கு நிஜமாகவே பல் இல்லையா என்று கேட்டார். ஒன்றுகூட இல்லை, பழைய நாடக நடிகை என்றாள். "அண்ணம் தட்டையா, குழிவா?" என்று கேட்டார். அது தெரியாமல் அவள் விழித்தாள். அடியாட்கள் பதினான்கு பேருக்கும் சொந்தப் பல்மேல் மாட்டிக்கொள்கிற கோரைப்பல், நடிகை அம்மாவுக்கு மட்டும் கோரைப்பல் வைத்த முழு செட். மூன்று வாரத்தில் வேண்டும் என்றாள். சரி என்றார்.

அச்செல்லாம் வந்தது. பலகையில் பதினைந்து வாய் புதிதாகச் சேர்ந்தது. வழக்கம்போல எதிலும் பெயர் இல்லை. அந்தப் பலகையின் ஓரத்தில்தான் ஜன்னலை ஒட்டி நாத்தனாரின் வாயும் இருந்தது. தூசி துடைப்பதற்கு மட்டும் அதை எடுப்பார். எனக்கு எல்லாம் ஒரே வெள்ளைக் கட்டியாகத்தான் தெரியும். மூன்று வாரம் அவர் அறையில் கோரைப்பல் காய்ந்துகொண்டிருந்தது. சாப்பாட்டுத் தட்டை வைக்க இடமில்லாமல் இரண்டு அடியாட்களைத் தள்ளிவிட்டுத்தான் வைப்பேன்.

ஷூட்டிங் நாளன்று என் வீட்டுக்காரர், அவரைத் தனியாக விடாதே, கூடப் போ என்றார். போனேன். ஐஸ் கம்பெனியாக இருந்து மூடிப்போன ஒரு கிடங்கு. பட்டப்பகலில் கறுப்புத் துணி கட்டி உள்ளே இருட்டாக்கியிருந்தார்கள். ரத்தம் என்று சர்க்கரைப் பாகில் சாயம் கலந்து வாளி வாளியாக வைத்திருந்தார்கள். எறும்பு வரிசையாக வந்துகொண்டிருந்தது. அதை விரட்டுவதற்கென்றே ஒருத்தர் சம்பளத்துக்கு இருந்தார்.

பதினான்கு தடியன்களும் கோட்டு போட்டுக்கொண்டு வரிசையாக உட்கார்ந்தார்கள். இவர் ஒவ்வொருவராக வாயைத் திறக்கச் சொல்லி மாட்டிவிட்டார். எல்லாம் கச்சிதமாகப் பொருந்தியது. ஒருத்தன், கழுத்தே இல்லாத ஆள், இவரைக் கூப்பிட்டான்.

"அண்ணே, இதோட டீ குடிக்கலாமா?"

"குடிக்கலாம். பேசாதீங்க."

"எனக்கு வசனமே இல்லண்ணே."

"அப்ப நல்லாக் குடிங்க."

மத்தியானத்துக்கு மேல் முக்கியமான காட்சி. கிழவிக் காட்டேரி பெட்டிக்குள் கண்ணை மூடிப் படுத்திருக்கிறாள். கடத்திக்கொண்டு வந்த பல்செட்டுக்காரன் அவள் வாயில் செட்டை வைக்க வேண்டும். வைத்ததும் அவள் கண்ணைத் திறந்து, "ரத்தம்" என்று சொல்லி எழுந்து உட்காரவேண்டும். பல்செட்டுக்காரனாக நடித்தவருக்குச் செட்டைப் பிடிக்கவே தெரியவில்லை, சோப்புக் கட்டி மாதிரி பிடித்தார். இரண்டு தடவை நடிகை அம்மாவின் மூக்கில் இடித்தார். மூன்றாவது தடவை அந்த அம்மா கண்ணை மூடியபடியே, "தம்பி, வாய் கீழ இருக்கு" என்றார். டைரக்டர் சலித்துப்போய், கை மட்டும்தானே தெரியப்போகிறது, நிஜ ஆளையே கூப்பிடுங்கள் என்றார்.

இவர் போய்க் கை கழுவிக்கொண்டு வந்தார். பெட்டி ஓரத்தில் மண்டியிட்டார். நான் ஐந்தடி தூரத்தில் நின்றேன். ஒரு பெண், கண் மூடி, உதடு உள்ளே மடிந்து, கன்னம் ஒட்டிக் கிடந்தாள். அவர் கொஞ்சநேரம் அப்படியே பார்த்தார். "வாயைத் திறங்கம்மா" என்றார், சாதாரணமாக எல்லாரிடமும் சொல்வதுபோல. செட்டை உள்ளே விட்டு, கட்டைவிரலால் அண்ணத்தோடு சேர்த்து அமுக்கினார். சரியாகப் பொருந்தினால் அது ஒட்டிப் பிடித்துக்கொள்ளும், சின்னதாக ஒரு சத்தம் வரும். நாத்தனாருக்கு வைக்கும்போது கேட்டிருக்கிறேன். இங்கே சத்தம் வரவில்லை. அவர் விரலை எடுக்கவில்லை. அப்படியே வைத்திருந்தார். இருபதுவரை நான் மனதுக்குள் எண்ணிவிட்டேன். அப்புறம் இன்னொரு கையால் அந்த அம்மாவின் உதட்டோரம் இருந்த ஈரத்தைத் துடைத்துவிட்டார். அதை யாரும் செய்யச் சொல்லவில்லை. டைரக்டர் நிறுத்தச் சொல்லாமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

இவர் கை விலகியது. அந்த அம்மா கண்ணைத் திறந்து எழுந்து உட்கார்ந்து, "ரத்" என்று ஆரம்பித்தார். செட்டு கழன்று மடியில் விழுந்தது.

கிடங்கே சிரித்தது. படம் பிடிப்பவர் தோள் குலுங்கச் சிரித்தார். அடியாட்கள் பல்லைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். இவர் மட்டும் செட்டை எடுத்துத் திருப்பி உட்பக்கத்தை வெளிச்சத்தில் பார்த்தார். எழுந்து என்னிடம் வந்தார்.

"அக்கா, இது இவங்க வாய் இல்ல."

யாருடையது என்றேன்.

"நம்ம வீட்டோடது" என்றார். கல்யாணமான நாளிலிருந்து அவர் என் நாத்தனாரை அப்படித்தான் சொல்லுவார். பலகையிலிருந்து அவள் வாயை எடுத்து, அதன்மேல் முழு செட்டையும் கட்டியிருக்கிறார். பல்லும் பழக்கதோஷத்தில் அவளுக்கு நட்ட மாதிரியே நட்டிருக்கிறார். வாங்கிப் பார்த்தேன். கோரைப்பல் இரண்டுக்கும் நடுவில், இடது முன்பல் பக்கத்துப் பல்மேல் ஏறி நின்றது.

டைரக்டரிடம் போய், அளவு மாறிவிட்டது, இரண்டு நாள் கொடுங்கள், வேறு செய்து தருகிறேன் என்று கேட்டார். நான் பக்கத்திலேயே நின்றேன். வேண்டவே வேண்டாம் என்றார் டைரக்டர். இதைவிட நல்லதாய் நாங்களே யோசித்திருக்க முடியாது, கிழவி கடிக்கப்போகும்போதெல்லாம் பல் விழட்டும் என்றார். நடிகை அம்மாவும், "எனக்கு நல்லாத்தாங்க இருக்கு. கிழவிக்குப் பல்லு விழறதுதானே நியாயம்" என்றார். இவர் தலையை ஆட்டினார். திரும்பி வரும்போது பஸ்ஸில், உண்மையைச் சொல்லியிருக்கலாமே தம்பி என்றேன். என்னவென்று சொல்வது என்று கேட்டார். எனக்கும் தெரியவில்லை. வீடு வரும்வரை கையை மடியில் மல்லாத்தி வைத்துக்கொண்டு வந்தார்.

படம் வந்தது. நன்றாக ஓடியது. அதில் அந்தச் செட்டு ஏழு தடவை விழும் என்று சொன்னார்கள். ஒரு தடவை போலீஸ்காரர் கழுத்திலேயே தங்கிவிடுமாம். நாங்கள் யாரும் போகவில்லை. ஆனால் அவர் மருமகனுக்குப் பேய்ப் படம் என்றால் உயிர். பொண்டாட்டியையும் இழுத்துக்கொண்டு போயிருக்கிறான்.

மறுநாள் காலையில் எனக்குப் போன் வந்தது. நாத்தனார் மகள்தான்.

"அத்தை, அது அம்மா பல்லு."

நான் அடுப்பை அணைத்தேன்.

"எனக்குத் தெரியாதா அத்தை? அம்மா செட்டுல கோரைப்பல்லை ஒட்டிச் சினிமாவுக்குக் கொடுத்துட்டாரா? தியேட்டரே சிரிச்சுது. என் வீட்டுக்காரரும் சிரிச்சாரு."

நேரில் வந்து கேட்டுக்கொள் என்றேன். வேறு எதுவும் சொல்லக்கூடாது என்று பட்டது.

ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்கு வந்தாள். நாலு வருஷத்தில் உடம்பு கொஞ்சம் பெருத்திருந்தாள். மாடி ஏறும் சத்தம் கேட்டதும் அவர் கத்தியைக் கீழே வைத்துவிட்டார். நான் இருப்பதா போவதா என்று தெரியாமல் அதே ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன். அவள் வாசலில் நின்றபடி கேட்டாள்.

"அம்மா செட்டு எங்க?"

அவர் எழுந்து அலமாரியைத் திறந்து ஒரு கண்ணாடித் தம்ளரை எடுத்துவந்தார். தண்ணீருக்குள் செட்டு இருந்தது. உலர்ந்தால் கோணிக்கொள்ளும், அதனால் தண்ணீரில்தான் வைக்கவேண்டும். தினமும் காலையில் அவர் தண்ணீர் மாற்றுவதை நான் பார்த்திருக்கிறேன். அவள் கையை விட்டு எடுத்தாள். கோரைப்பல் இல்லை. அம்மாவின் பல்தான், அப்படியே இருந்தது.

"அப்ப படத்துல வந்தது?"

"அச்சு மாறிடுச்சும்மா. அந்த அம்மா வாயின்னு நினைச்சு நம்ம வீட்டு வாயை எடுத்துட்டேன்."

"உங்களுக்கா?"

"எனக்குத்தான்."

அவள் அப்பாவைப் பற்றி அவளுக்குத் தெரியும். முந்நூறு வாயில் ஒன்றைக்கூட மாற்றி எடுக்காதவர். அவள் மேசை ஓரத்தில் உட்கார்ந்தாள். செட்டு கையிலேயே இருந்தது, தண்ணீர் சொட்டியது. அப்புறம், அம்மா போன அன்றைக்கு இது எங்கே இருந்தது என்று கேட்டாள்.

"என் சட்டைப் பையில."

"பையிலயா?"

"ஆஸ்பத்திரியில நர்ஸம்மா கழட்டிக் கவர்ல போட்டுக் கொடுத்தாங்க. உயிர் போனதும் உடனே வெச்சிருக்கணும். அது எனக்குத் தெரியும். கையெழுத்துப் போடச் சொன்னாங்க, போட்டேன். உட்காரச் சொன்னாங்க, உட்கார்ந்தேன். மூணு மணி நேரம். வீட்டுக்குக் கொண்டுவந்தப்புறம் எல்லாரையும் வெளிய போகச் சொல்லிட்டு வெச்சுப் பார்த்தேன். வாய் திறக்கல, இறுகிப்போச்சு. பலமா அமுக்கினா திறந்திருக்கும். எவ்வளவு அமுக்கணும்னும் எனக்குத் தெரியும்." கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டார். "அமுக்கல."

எனக்கே அது அந்த ஞாயிற்றுக்கிழமைதான் தெரிந்தது. எங்களை எல்லாம் பத்து நிமிஷம் வெளியே நிற்கச் சொன்னார், அது நினைவிருக்கிறது. அழுவதற்காக என்று நினைத்துக்கொண்டோம்.

மறந்துட்டீங்களா என்று அன்றைக்குத் தான் கேட்டபோது ஏன் இதைச் சொல்லவில்லை என்று மகள் கேட்டாள். மூன்று மணி நேரம் மறந்தது நிஜம்தானே என்றார்.  கீழே வீதியில் யாரோ சைக்கிள் மணியை அடித்துக்கொண்டே போனார்கள்.

"படத்துல அந்தக் கிழவிக்குப் பல்லு வெச்சது உங்க கை" என்றாள். கட்டைவிரலில் மெழுகுக் கத்தி சுட்ட தழும்பு இருக்கிறது, அதைத் திரையில் பார்த்திருக்கிறாள். ஆமாம் என்றார்.

"உதட்டைத் துடைச்சீங்க."

"ஆமா."

"எப்படிப்பா இருந்துச்சு?"

அவர் யோசித்தார். வேலையைப் பற்றி யாராவது கேட்டால் யோசிக்கிறமாதிரிதான் யோசித்தார்.

"சூடா இருந்துச்சும்மா. வாய் சூடா இருந்துச்சு."

அவள் அழவில்லை. அவரும் அழவில்லை. எனக்கும் அழுகை வரவில்லை, கால் மரத்துப் போயிருந்தது, அதைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். அவள் எழுந்து, தம்ளரில் இருந்த பழைய தண்ணீரைக் கொட்டி, குழாயில் புதிதாகப் பிடித்து, செட்டை உள்ளே போட்டாள். மேசைமேல் வைத்தாள். என்னைப் பார்த்து, சாப்பாடு மூன்று பேருக்கு வருமா அத்தை என்று கேட்டாள். இரண்டு பேருக்குக் கொண்டுவந்ததை மூன்று பேர் சாப்பிட்டோம். படத்தைப் பற்றிப் பேச்சு வந்தது. அந்தப் போலீஸ்காரர் கழுத்தில் பல் மாட்டிக்கொண்ட காட்சியை அவள் சொன்னாள். ஒட்டாத செட்டு எப்படிக் கழுத்தைப் பிடிக்கும், அது தப்பு என்றார் அவர். அவள் சிரித்தாள். அவளுக்குப் பல் எல்லாம் நேர்தான், அப்பா ஜாடை. ஆனாலும் கை வாய்க்குப் போயிற்று. அவர் சோற்றைப் பிசைவதை நிறுத்திவிட்டு அதைப் பார்த்தார்.

கிளம்பும்போது வரேன்ப்பா என்றாள். மறு ஞாயிறு வந்தாள். அதற்கடுத்த ஞாயிறு வரவில்லை, வேலை இருந்ததாம். அப்புறம் வந்தாள். அந்த ஆஸ்பத்திரி மத்தியானத்தைப் பற்றி அவர்கள் திரும்பப் பேசி நான் கேட்டதில்லை.

போன வருஷம் அவருக்கு முழங்கால் வலி அதிகமாகி மாடி ஏற முடியாமல் போயிற்று. மருமகன் ஒரு வண்டி பிடித்துக்கொண்டு வந்து மேசையையும் விளக்கையும் பலகையையும் ஏற்றினான். வாய்களைப் பழைய துணியில் சுற்றி நான்தான் எடுத்துக்கொடுத்தேன். தம்ளரை மகள் மடியில் வைத்துக்கொண்டு போனாள். இப்போது அவருக்கு அறுபத்தொன்பது வயது. மகள் வீட்டின் பின்னறையில் இருக்கிறார். வாரத்துக்கு இரண்டு செட் செய்கிறார்.